ஆன்றி லாங்லுவா: திரையிடலும் பாதுகாத்தலும்

முன்னுரை

திரைப்படம் தோன்றிய முதல் நாற்பது ஆண்டுகளில் எடுக்கப்பட்ட படங்களுள் பெரும்பாலானவை இன்று இல்லை. அவற்றை அழித்தது காலம் மட்டுமன்று. ஒரு படம் ஓடி முடிந்தபின் அதன் படிகளுக்கு வணிக மதிப்பு எதுவும் இருக்கவில்லை. அவற்றை வைத்துக் காப்பதற்கோ இடமும் செலவும் வேண்டியிருந்தன. படச்சுருளின் மேற்பூச்சில் கலந்திருந்த வெள்ளிக்கு மட்டும் விலை இருந்தது. எனவே பழைய படிகளை எடைக்கு வாங்கி வெள்ளியைப் பிரித்தெடுப்பது ஒரு தொழிலாகவே நடந்தது. 1927க்குப் பின் பேசும்படம் பரவியபோது மௌனப்படங்கள் ஒரே வீச்சில் பயனற்ற சரக்காயின. சுருளின் இயல்பும் இதற்குத் துணைநின்றது. 1950களின் தொடக்கம் வரை பயன்பாட்டில் இருந்த செல்லுலோஸ் நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றும். எரியும்போது தானே ஆக்சிஜனை வெளியிடுவதால் அத்தீயை நீரால் அணைப்பது அரிது. தீ தீண்டாவிடினும் வெப்பத்திலும் ஈரத்திலும் அது பிசுபிசுத்து, கெட்டிப்பட்டு, இறுதியில் பழுப்புத் தூளாக உதிரும்.

இவ்வழிவை எதிர்த்துத் தம் வாழ்நாள் முழுவதையும் செலவிட்டவர் பிரெஞ்சுக்காரரான ஆன்றி லாங்லுவா (1914 - 1977). பாரிசில் சினிமாதெக் ஃபிரான்சேஸ் என்னும் திரைப்படக் காப்பகத்தை நிறுவியவர் அவர். அவருடைய வாழ்க்கை பொதுவாக இரு வகையில் எழுதப்படுகிறது. ஒரு சாரார்க்கு அவர் திரைக்கலையை மீட்டெடுத்த நாயகர். மற்றொரு சாரார்க்கு அட்டவணையின்றி, முறையின்றிச் சுருள்களைக் குவித்து அவற்றுட் பலவற்றைச் சிதைய விட்டவர். இவ்விரு சித்திரங்களும் ஒரே மனிதருடையவை. அவை ஒரே கருத்திலிருந்து பிறந்தவையும்கூட. பாதுகாத்தலும் திரையிடலும் ஒரே செயலின் இரு பெயர்கள் என அவர் கொண்டார். அக்கருத்து அவரை எங்கெல்லாம் கொண்டு சேர்த்தது என்பதை அவருடைய வாழ்க்கையின் வழியே இக்கட்டுரை ஆராய்கிறது.

ஸ்மிர்னாவும் பாரிசும்

லாங்லுவா 1914 நவம்பர் 13ஆம் நாள் உதுமானியப் பேரரசின் துறைமுக நகரான ஸ்மிர்னாவில் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தில் பிறந்தார். இன்று துருக்கியில் இஸ்மிர் என வழங்கும் நகரம் அது. 1922 செப்டம்பரில், கிரேக்க - துருக்கியப் போரின் முடிவில், ஸ்மிர்னாவின் பெரும்பகுதி தீக்கிரையாயிற்று. குடும்பம் உடைமைகளை இழந்து பாரிசில் குடியேறியது. அப்போது அவருக்கு எட்டு வயதுகூட நிரம்பவில்லை. பிற்காலத்தில் எதையும் தூக்கியெறிய மறுத்த அவருடைய இயல்புக்கு இந்த இழப்பையே காரணமாகக் காட்டுவர். கவர்ச்சியான விளக்கந்தான், ஆயினும் அதன்மேல் அதிகப் பாரம் ஏற்றுதல் கூடாது. அத்தீயில் வீடிழந்தவர் பல்லாயிரவர்; அவருள் திரைப்படக் காப்பாளர் ஆனவர் இவர் ஒருவரே.

பள்ளிக் கல்வியில் அவர் சிறக்கவில்லை. மகன் சட்டம் பயில வேண்டும் என்பது தந்தையின் விருப்பம்; மகனோ பள்ளியிறுதித் தேர்விலேயே தோற்றார். பின்னர் ஓர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்குதான் பின்னாளில் இயக்குநராகப் புகழ்பெற்ற ஜார்ஜ் ஃபிரான்ஜுவின் நட்புக் கிடைத்தது. இருவரும் சேர்ந்து 1935இல் ஒரு திரைப்பட வட்டத்தைத் தொடங்கினர். திரையரங்குகள் கைவிட்ட மௌனப்படங்களே அதில் காட்டப்பட்டன. அக்காலத்துப் பிற திரைப்படக் கழகங்களில் படம் முடிந்தபின் விவாதம் நடப்பது வழக்கம். இவ்வட்டத்தில் அது இல்லை. படத்தைக் காண்பதே போதும் என்ற இந்நிலைப்பாட்டிலேயே பிற்கால லாங்லுவாவின் அடையாளம் தெரிகிறது.

காப்பகத்தின் தோற்றம்

காட்டுவதற்குப் படம் தேடப் போனவர்கள், தேடிய படங்கள் அழிந்துகொண்டிருப்பதைக் கண்டனர். காட்ட வேண்டுமானால் முதலில் காக்க வேண்டியிருந்தது. திரைத்தொழில் இதழொன்றின் ஆசிரியரான போல்-ஒகுஸ்த் ஆர்லே அளித்த 10,000 ஃபிராங்க் தொகையைக் கொண்டு 1936 செப்டம்பரில் சினிமாதெக் ஃபிரான்சேஸ் பதிவுசெய்யப்பட்டது. ஆர்லே தலைவரானார், லாங்லுவா, ஃபிரான்ஜு ஆகியோருடன் திரைப்பட வரலாற்றாசிரியர் ழான் மித்ரியும் நிறுவனர்களுள் ஒருவர். அரசின் ஆணையாலன்றி, இருபத்திரண்டு வயது நிரம்பாத ஓர் இளைஞரின் முயற்சியால் எழுந்த தனியார் சங்கம் அது. இத்தோற்றமே முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் பெரும் பூசலுக்கு வித்தானது.

இத்துறையில் முதலடி வைத்தவர் அவரல்லர். ஸ்டாக்ஹோமில் 1933இலும், லண்டனிலும் நியூயார்க்கிலும் 1935இலும் இத்தகைய முயற்சிகள் தொடங்கிவிட்டன. ஆனால் லண்டன், நியூயார்க் காப்பகங்கள் ஏற்கெனவே இருந்த பெரிய நிறுவனங்களின் பிரிவுகளாக உருவானவை. பாரிசுக் காப்பகத்துக்குக் கட்டடமும் இல்லை, ஊழியரும் இல்லை. சுருள்களை லாங்லுவா வீட்டுக் குளியல் தொட்டியில் அடுக்கி வைத்திருந்தார் என்பது பலரும் சொல்லும் கதை. அவரைப் பற்றிய செய்திகளுள் பல இவ்வாறு கதையாகவே வந்து சேர்ந்துள்ளன. அவற்றுட் சிலவற்றைப் பரப்பியவர் அவரே என்பதால் ஆய்வாளர் எச்சரிக்கையுடன் அணுக வேண்டியுள்ளது.

கதை கலவாத ஒரு செய்தி இதனினும் பொருள்மிக்கது. திரைக்கதை மரபின் முன்னோடியான ஜார்ஜ் மெலியே, தொழிலில் நொடித்து, 1923இல் தம் படங்களின் நெகட்டிவ்களைத் தாமே தீயிலிட்டவர். முதுமையில் அவர் பாரிசுக்கு அருகே ஓர்லியில், திரைத்துறையினருக்கான முதியோர் இல்லத்தில் வாழ்ந்தார். லாங்லுவாவும் ஃபிரான்ஜுவும் அவரை அங்கே சென்று கண்டு பழகினர். அவ்வில்லத்தின் வளாகத்தில் பயனின்றிக் கிடந்த ஒரு கட்டடத்தைப் பெற்றுச் சுருள்களை அதில் வைத்தனர். திறவுகோல் மெலியேயிடம் ஒப்படைக்கப்பட்டது. தம் படங்களை எரித்தவர் 1938 ஜனவரியில் மறையும்வரை பிறர் படங்களின் காவலராக இருந்தார்.

எதைச் சேர்ப்பது என்னும் வினா

1938இல் பாரிஸ், லண்டன், நியூயார்க், பெர்லின் ஆகிய நான்கு நகரங்களின் காப்பகங்கள் கூடித் திரைப்படக் காப்பகங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பை அமைத்தன. லண்டன் காப்பகத்தின் பொறுப்பாளரான எர்னஸ்ட் லிண்ட்கிரன் லாங்லுவாவுக்கு நேர்மாறானவர். காப்பகத்தில் சேர்க்கத்தக்கவற்றைக் குழுவொன்று தேர்ந்தெடுக்க வேண்டும். காப்புப் படியை எக்காரணத்தாலும் திரையிடும் எந்திரத்தில் ஏற்றலாகாது. அதிலிருந்து பார்வைப் படியொன்று எடுக்கப் பணம் கிடைத்தால்தான் அப்படம் காட்டப்படும். இவையே லண்டனின் நெறிகள். லாங்லுவா இரண்டையும் ஏற்கவில்லை. எந்தப் படம் சிறந்தது என எந்தத் தலைமுறையும் தன் காலத்திலேயே முடிவுசெய்ய இயலாது. ஆகவே அனைத்தையும் சேர்க்க வேண்டும். சேர்த்ததைக் காட்டவும் வேண்டும்.

முதற்கருத்தில் அவர் சரியாகவே இருந்தார் எனலாம். லூயி ஃபுய்யாத் 1910களில் எடுத்த தொடர்படங்கள் கள்வர், மாறுவேடம், கடத்தல் எனச் செல்லும் மலிவான பொழுதுபோக்கு என ஒதுக்கப்பட்டவை. தேர்வுக்குழு எதுவும் அவற்றைப் பொருட்படுத்தியிராது. லாங்லுவா அவற்றைக் காத்துத் திரும்பத் திரும்பத் திரையிட்டார். இன்று ஃபுய்யாத் பிரெஞ்சு மௌனப்பட வரலாற்றின் மையத்தில் இருக்கிறார்.

இரண்டாம் கருத்தே சிக்கலானது. அதை விளங்கிக்கொள்ளத் தமிழ்ப் பதிப்பு வரலாறு துணைசெய்யும். உ.வே. சாமிநாதையர் சுவடி தேடி ஊர்தோறும் சென்றது பூட்டிவைப்பதற்கன்று, பதிப்பிப்பதற்கு. 1887இல் சீவக சிந்தாமணி அச்சேறியபின் ஒரு சுவடி செல்லரித்தாலும் நூல் அழியாது. லாங்லுவாவின் மனத்தில் திரையிடல் ஏறத்தாழ இத்தகைய பதிப்பாகவே இருந்தது. எவரும் காணாத படம் இல்லாத படமே. ஆயின் ஒப்புமை இங்கே முறிகிறது. சுவடியைப் பதிப்பித்தால் நூல் பெருகும். படத்தைத் திரையிட்டால் படி தேயும். கீறல், கிழிசல், விளக்கின் வெப்பம் என ஒவ்வொரு காட்சியும் ஒரு விலையைக் கேட்கிறது. லிண்ட்கிரன் அவ்விலையைக் கணக்கிட்டவர். லாங்லுவா அக்கணக்கைப் பார்க்க மறுத்தார். அல்லது, பார்த்தும் கொடுக்கத் துணிந்தார்.

அனைத்தையும் சேர்ப்பது என்னும் கொள்கை சுருள்களோடு நிற்கவில்லை. கையெழுத்துத் திரைக்கதைகள், அரங்க அமைப்பு வரைபடங்கள், உடைகள், சுவரொட்டிகள், பழைய ஒளிப்பதிவுக் கருவிகள் எனத் திரைப்படத்தைச் சூழ்ந்த அனைத்தையும் அவர் திரட்டினார். இதன் அருமையைத் தமிழ்த் திரை ஆய்வாளர் நன்கு உணர்வர். நடராஜ முதலியாரின் கீசக வதமோ 1931இல் வெளிவந்த காளிதாஸோ இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. தொடக்ககாலத் தமிழ்ப்படங்கள் பலவற்றைப் பாட்டுப் புத்தகங்களையும் நாளிதழ் விளம்பரங்களையும் கொண்டே அறிய வேண்டியுள்ளது. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கப்பட்டது 1964இல்தான்.

போர்க்காலம்

1940இல் பாரிஸ் ஜெர்மானியர் வசமானது. பிரித்தானிய, அமெரிக்கப் படங்கள் தடைசெய்யப்பட்டன. தடைக்குள்ளான சுருள்களைக் கைப்பற்றலிலிருந்தும் அழிவிலிருந்தும் காக்க லாங்லுவா அவற்றைப் பல இடங்களில் பிரித்து மறைத்தார். குழந்தையைத் தள்ளிச்செல்லும் வண்டியில் சுருள்கள் பாரிஸ் தெருக்களைக் கடந்தன என்பதும் அக்காலக் கதைகளுள் ஒன்று.

இப்பணியில் உடன்நின்றவர் லோட்டே ஐஸ்னர். பெர்லினில் திரை விமரிசகராக இருந்த யூதப் பெண்மணியான அவர், 1933இல் நாஜிகளுக்குத் தப்பிப் பாரிசுக்கு வந்தவர். 1940இல் தென்பிரான்சின் கூர்ஸ் முகாமில் அடைக்கப்பட்டார். அங்கிருந்து தப்பியபின் மாற்றுப்பெயரில் ஃபிழாக் பகுதியில் வாழ்ந்தார். அப்பகுதியின் பெதுவே கோட்டையில் லாங்லுவா மறைத்து வைத்திருந்த சுருள்களைத் திறந்து பார்த்துப் பதிவுசெய்யும் வேலை அவரிடம் விடப்பட்டது. தம் உயிருக்கே உறுதியில்லாத நிலையில், குளிரில், துருப்பிடித்த பெட்டிகளை ஒவ்வொன்றாக நெம்பித் திறந்து எழுதிவைத்தார் அவர். போருக்குப் பின் முப்பது ஆண்டுகள் சினிமாதெக்கின் தலைமைக் காப்பாளராகப் பணியாற்றினார். லாங்லுவாவின் புகழ் ஐஸ்னரின் உழைப்பைப் பெரிதும் மறைத்துவிட்டது. ஒப்பனை அரங்க அமைப்பாளர் லசார் மீர்சனின் மனைவியாக இருந்து, அவர் மறைந்தபின் லாங்லுவாவின் வாழ்க்கைத் துணையான மேரி மீர்சனுக்கும் இது பொருந்தும்.

போர்க்காலத்தின் மற்றொரு பக்கம் எளிதில் வகைப்படுத்த இயலாதது. பெர்லின் காப்பகத்தைச் சார்ந்த ஃபிராங்க் ஹென்சல் நாஜிக் கட்சியினர். ஆக்கிரமிப்புக் காலத்தில் பாரிசில் பணியிலிருந்த அதிகாரி. அவரே கூட்டமைப்பின் தலைவராகவும் இருந்தார். சினிமாதெக்கின் சேமிப்பு பிழைத்ததில் அவருடைய பாதுகாப்புக்கும் பங்குண்டு. லாங்லுவா அவ்வுறவைப் பயன்படுத்திக்கொண்டார். படங்களைக் காக்க எவரோடும் பேசத் தயங்காதவர் அவர்.

மெஸ்ஸின் சாலை அரங்கு

1948இல் மெஸ்ஸின் சாலை 7ஆம் எண் கட்டடத்தில் சிறு அருங்காட்சியகமும் அறுபது பேர்கூட நெருக்கியே அமரத்தக்க திரையரங்கும் திறக்கப்பட்டன. பிரான்சுவா திருஃபோ, ழான்-லுக் கொதார், ழாக் ரிவெத், எரிக் ரோமர் ஆகியோர் இளமையில் திரைக்கலை பயின்ற இடம் இதுவே. பிறமொழிப் படங்கள் துணைத்தலைப்பின்றியும், மௌனப்படங்கள் இசையின்றியும் காட்டப்பட்டன. ஃபுய்யாத்தின் தொடர்களுக்கு எழுத்துச் சட்டகங்களும் இல்லை. இதைக் குறையாகச் சொல்வோர் உண்டு. மொழி புரியாத படத்தைப் பார்த்தவர்கள் காட்சி அமைப்பையும் நடிகரின் உடலசைவையும் வெட்டின் இடத்தையும் கவனிக்கக் கற்றனர் என்பதும் உண்மையே. லாங்லுவா நிகழ்ச்சிகளைக் கால வரிசையிலோ நாட்டு வரிசையிலோ அமைக்கவில்லை. ஒரே மாலையில் முற்றிலும் வேறுபட்ட மூன்று படங்களை அடுத்தடுத்து வைத்து, அவற்றுக்கிடையேயான உறவைப் பார்வையாளரே கண்டுகொள்ள விட்டார். 1950களின் இறுதியில் எழுந்த பிரெஞ்சுப் புதிய அலை, பழம்படங்களைக் கற்று அக்கல்வியிலிருந்து படமெடுக்க வந்த முதல் தலைமுறையின் ஆக்கம். அக்கல்விக்கு உரிய நூலகம் பெரும்பாலும் இவ்வரங்கே. பின்னர் அரங்கு 1955இல் உல்ம் தெருவுக்கும், 1963இல் ஷையோ மாளிகைக்கும் மாறியது.

திரையிடலால் மறந்தவர் நினைவுக்கு வந்தனர். ஹாலிவுட்டில் அறவே மறக்கப்பட்டிருந்த நடிகை லூயிஸ் புரூக்ஸுக்கு 1958இல் சினிமாதெக் சிறப்பு விழா எடுத்தது. அவருடைய இன்றைய புகழ் அங்கிருந்தே மீண்டும் தொடங்கியது.

தீயும் பிளவும்

1959 ஜூலை 10ஆம் நாள் கூர்செல் தெருவிலிருந்த சினிமாதெக்கின் வளாகத்தில் கோடை வெப்பத்தில் வைக்கப்பட்டிருந்த நைட்ரேட் சுருள்கள் தீப்பற்றின. அழிந்தவற்றுக்கு முழுமையான பட்டியல் இல்லை. அட்டவணையே இல்லாத காப்பகத்தில் இழப்பையும் எண்ண இயலாது. எரிக் வான் ஸ்ட்ரோஹைமின் திருமண ஊர்வலம் என்னும் படத்தை 1954இல் அவ்வியக்குநரையே அழைத்து லாங்லுவா சீரமைக்கச் செய்தார். அதன் இரண்டாம் பகுதியான தேனிலவின் எஞ்சியிருந்த ஒரே படியும் சினிமாதெக்கிடமே இருந்தது. அது அங்கு நேர்ந்த தீயில் அழிந்ததாகத் திரைப்பட வரலாறுகள் குறிக்கின்றன. ஒரே இயக்குநரின் ஒரே படைப்பில் ஒரு பாதியை மீட்டதும் மறுபாதியை இழந்ததும் ஒரே காப்பகந்தான்.

அதே காலத்தில் அவர் பன்னாட்டுக் கூட்டமைப்புடன் முரண்பட்டு, தாம் நிறுவிய அவ்வமைப்பிலிருந்தே விலகினார். இம்முறிவு நடைமுறையில் கேடு விளைத்தது. காப்பகங்கள் தமக்குள் படிகளை மாற்றிக்கொள்வதே பணக்குறைவுள்ள காப்பகத்துக்கு இருந்த சிறந்த வழி, அது அடைபட்டது. எந்தச் சுருள் எங்கிருக்கிறது என்பது லாங்லுவாவின் நினைவில் இருந்தது, தாளில் இல்லை. அவருடைய மறைவுத்தன்மைக்கு ஒரு நியாயமும் உண்டு. பல படிகளின் உரிமை தயாரிப்பாளர்களிடம் இருந்தது. பட்டியலை வெளியிட்டால் அவற்றைத் திருப்பிக் கேட்கக்கூடும், வாங்கிச்சென்று அழிக்கவும் கூடும். போர்க்காலத்தில் பட்டியலின்மையே காப்பாக இருந்தது. அமைதிக்காலத்திலும் அவர் அப்பழக்கத்தைக் கைவிடவில்லை என்பதே குறை.

1968

1960களில் அரசின் நிதியுதவி பெருகியது. உதவியோடு அரசின் கேள்விகளும் வந்தன: கணக்கு எங்கே, அட்டவணை எங்கே, சேமிப்புக் கிடங்குகளின் நிலை என்ன? இவை நேர்மையற்ற கேள்விகள் அல்ல. 1968 பிப்ரவரி 9ஆம் நாள், ஆந்த்ரே மால்ரோ பண்பாட்டு அமைச்சராக இருந்த காலத்தில், நிர்வாகக் குழு லாங்லுவாவை நீக்கிப் பியேர் பார்பேனை அப்பொறுப்பில் அமர்த்தியது.

எதிர்ப்பு உடனே எழுந்தது. பிப்ரவரி 14ஆம் நாள் ஷையோ அருகே திரண்ட கூட்டத்தைக் காவலர் தடியால் அடித்துக் கலைத்தனர். முன்னணியில் திருஃபோவும் கொதாரும் இருந்தனர். ழான் ரெனுவாரைக் கௌரவத் தலைவராகக் கொண்டு பாதுகாப்புக் குழு அமைந்தது. இதனினும் வலிய கருவி தந்தி. சாப்ளின், குரோசவா, ரொஸெலினி உள்ளிட்ட இயக்குநர்கள் லாங்லுவா இல்லாத சினிமாதெக்கில் தம் படங்களைத் திரையிட இசைவு மறுத்தனர். காப்பகத்தின் செல்வம் அவர்மீது பிறர் கொண்ட நம்பிக்கையால் வந்தது என்பதையும், சட்டப்படியான உடைமை அவரிடமும் இல்லை, அரசிடமும் இல்லை என்பதையும் இந்த மறுப்பு வெளிப்படுத்தியது. ஏப்ரல் 22ஆம் நாள் அவர் மீண்டும் பொறுப்பேற்றார். சில வாரங்களில் மே மாதக் கிளர்ச்சி பாரிசை ஆட்கொண்டது. பிப்ரவரி நிகழ்வை அதன் முன்னோட்டமாகக் காண்பது இன்று வழக்கமாகிவிட்டது.

வெற்றிக்கு விலை இருந்தது. அரசு நிதியுதவியைப் பெருமளவு சுருக்கிக்கொண்டு, 1969இல் புவா தார்சியில் தன் சொந்தத் திரைப்படக் காப்பகத்தை ஏற்படுத்தியது. நைட்ரேட் சுருளுக்கு உரிய கிடங்குகளும் படியெடுக்கும் வசதியும் அங்கே அமைந்தன. லாங்லுவாவின் ஆதரவாளர் எழுதிய வரலாறுகளில் புவா தார்சிக்கு ஓரிரு வரியே கிடைக்கிறது. ஆயிரக்கணக்கான சுருள்கள் பிழைத்திருப்பதற்கு அந்த ஆரவாரமற்ற கிடங்குகளும் காரணம் என்பதால் இது நடுநிலையான பதிவாகாது.

இறுதி ஆண்டுகள்

பணமுடையிலேயே அவர் தம் கடைசிப் பெருமுயற்சியை மேற்கொண்டார். 1972 ஜூனில் ஷையோ மாளிகையில் திரைப்பட அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. நிழற்கூத்து, மாய விளக்கு ஆகியவற்றில் தொடங்கி, உடைகளும் வரைபடங்களும் அரங்கப் பொருள்களும் நிறைந்த கூடங்களின் வழியே பார்வையாளரை அது நடத்திச் சென்றது. ஹிட்ச்காக்கின் சைக்கோவில் தோன்றும் தாயின் தலையும் அங்கிருந்தது. பொருள்களுக்கு விளக்கச் சீட்டுகள் மிகக் குறைவு. திரையரங்கில் துணைத்தலைப்பை மறுத்தவர் அருங்காட்சியகத்திலும் அதையே செய்தார். 1974இல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் அவருக்குச் சிறப்பு ஆஸ்கர் விருது வழங்கியது. கடன் குறையவில்லை. 1977 ஜனவரி 13ஆம் நாள், தம் அறுபத்திரண்டாம் வயதில், பாரிசில் காலமானார். மோன்பர்னாஸ் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் விட்டுச்சென்ற சேமிப்பை வகைப்படுத்தும் பணி அடுத்து வந்தவர்களின் பொறுப்பானது. அது முடியுமுன்னரே, 1980 ஆகஸ்டில், லெ போந்தெல் கிடங்கில் தீப்பிடித்துப் பெருந்தொகையான சுருள்கள் எரிந்தன. 1997இல் ஷையோ மாளிகையில் ஏற்பட்ட தீயால் அவருடைய அருங்காட்சியகமும் மூடப்பட்டது. சினிமாதெக் 2005இல் பெர்சி பகுதியின் புதிய கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது.

அதே சேமிப்பிலிருந்து 1980களின் தொடக்கத்தில் வேறொன்றும் வெளிப்பட்டது. நாடக இயக்குநர் ஆந்த்ரே அந்த்வான் 1920இல் பெல்ஜியத்தின் நீர்வழிகளில் சரக்குப் படகுகளில் வாழ்வோரைப் பற்றி ஒரு படம் எடுத்தார். ஆவணப்படம் போலிருக்கிறதென விநியோகத்தார் ஒதுக்கியதால் அது வெளிவரவில்லை. தொகுக்கப்படாத பல மணி நேரச் சுருள்கள் மட்டும் சினிமாதெக்கில் கிடந்தன. எந்தத் தேர்வுக்குழுவும் படமென்றே கருதியிராத அந்தத் துண்டுகளை ஆன்றி கோல்பி, அந்த்வானின் குறிப்புகளைக் கொண்டு தொகுத்தார். 1984இல் அப்படம் முதன்முறையாகப் பார்வையாளர் முன் ஓடியது. படப்பிடிப்பு நடந்து அறுபத்து நான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன.